சனிக்கிழமைக்குள் ஒரு கேபினட்

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தேர்ந்தெடுத்ததில் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் அந்தக் கேபினட்டைத்தான் திட்டினார்கள். அது பாவம். அளவு சரி, தகடு சரி, காற்றோட்டம் சரி. இன்றைக்கும் அவருடைய மேசைக்குக் கீழே சூடேறாமல், சத்தம் போடாமல் நின்றுகொண்டிருக்கிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் டேப்பு என்று பெயர். மற்றவர்கள் பேனா செருகுகிற பையில் அவர் அளவு டேப் வைத்திருப்பார். லிஃப்டின் வாசற்படிக்கும் மாடித் தளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு டேப்பை இழுத்து அளப்பார்.

"அதான் சொல்லிட்டியே, அப்புறம் எதுக்கு அளக்கற?" என்று கேட்பார் அவருடைய ஜோடி ஆள்.

"சொன்னது நான்தானே. எப்படி நம்பறது?"

ஜோடி ஆளுக்குச் சித்தப்பா என்று பெயர். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை, டேப்பைவிட வயதிலும் சிறியவர். எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் அங்கே குடியிருப்பவர்களின் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து நியாயம் பேசிவிட்டுத்தான் திரும்புவார். அதனால் வந்த பெயர். லிஃப்ட் வேலையை ஒற்றை ஆள் செய்வதில்லை. ஒருவர் மேலே மோட்டார் அறையில் இருந்தால் இன்னொருவர் கீழே குழியில் இருப்பார். இந்த இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒருவர் குரலை ஒருவர் நாலைந்து மாடி தள்ளிக் கேட்டே பழகியவர்கள்.

டேப்புக்கு வீடு என்பது ஒற்றை அறை. மரம் அறுக்கும் பட்டறைக்கு மேலே. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலை ஒட்டி ஒரு அடுப்பு. மனைவி பிரிந்து, மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் நாலு வருஷம். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டிய தூரம். முதல் வருஷம் அப்பாவும் மகளும் ஃபோனில் பேசிக்கொண்டார்கள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"படிக்கிறியா?"

"படிக்கிறேன்."

அதற்கு மேல் இருவரிடமும் சரக்கு இருக்காது. ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். நேரில் போனால் இன்னும் மோசம். முன்னாள் மனைவியின் வீட்டு ஹாலில், சோபாவின் நுனியில், தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் எதிரே காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு தடவை அப்படிப் போய் வந்தார். அப்புறம் போகவில்லை.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். கட்டை கட்டையாக அடுக்கி வீடும் பாலமும் மலையும் கட்டுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

"அப்பா, நீங்க ஒரு பிசி வாங்குங்க. அதுல நம்ம உலகத்தைத் திறந்து வச்சீங்கன்னா நான் இங்கேர்ந்தே உள்ள வந்துருவேன்."

வாங்கினார். வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பாகமாக அவரே பூட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும் என்பது அவருக்குத் தொழிலிலேயே தெரிந்த விஷயம். மகளிடம் அது பலிக்கும் என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. பாறையை உடைத்துக்கொண்டே அவள் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்வாள். அவர் படிக்கட்டு கட்டிக்கொண்டே சித்தப்பா மாட்டிக்கொண்ட சண்டைகளைச் சொல்வார். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை என்பதையும், தனக்குத் தனி அறை கிடைத்ததையும், ஒருநாள் பள்ளியில் அழுததையும்கூட அவள் ஏதோ ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டாள்.

ஆற்றங்கரையில் இருவரும் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதற்குள் ஒரு லிஃப்ட். அது மேலே போகும், கீழே வராது.

"நிஜ லிஃப்டை ரிப்பேர் பண்றவரு, இதை இறக்கத் தெரியலையே. வெளிய சொல்லிடாதீங்கப்பா, வேலை போயிடும்."

"உன் வேலைதான் கண்ணு அது. ஒயரிங் நீதானே பண்ணின?"

"சூப்பர்வைசர் யாரு?"

அந்த உலகம் இருந்தது அவருடைய கம்ப்யூட்டரில். அவர் திறந்தால்தான் அவள் வர முடியும். அவர் கம்ப்யூட்டர் நின்றால் அவளும் வெளியே விழுந்துவிடுவாள். அதனால் அதற்கு ஒரு பிரதியும் வைத்திருந்தார். இரண்டு டிஸ்க், ஒரே இரும்புச் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் திருகியவை. ஒன்றில் உலகம், மற்றொன்றில் அதன் நகல். இரண்டுக்கும் மின்சாரம் ஒரே ஒயரில் வந்தது.

"லிஃப்டை எவனாவது ஒத்தைக் கயித்துல தொங்கவிடுவானா?" என்றார் சித்தப்பாவிடம்.

"விளையாட்டுக்கே ரெண்டு கயிறா? நீ நடத்துப்பா" என்றார் சித்தப்பா.

வெயில் காலம் ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் நிற்கத் தொடங்கியது. முதல் தடவை நின்றபோது இருவரும் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை மகள் பாலத்தின் நடுவில் நின்றிருந்தபோது நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமை, அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்து, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்ற இடத்தில் நின்றது. திரை கறுத்தது. ஃபோன் அடித்தது.

"மறுபடியும் போயிட்டீங்க."

"சூடாயிடுச்சு கண்ணு. ஒரு நிமிஷம் இரு. என்ன கேக்க வந்த?"

"ஒண்ணுமில்ல, மறந்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "என் ஃப்ரெண்டோட உலகத்துல இப்படி ஆகவே ஆகாதுப்பா. அவ அண்ணனோட பிசி. எங்க கிளாஸ்ல எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றாள்.

"சரி."

"நான் அங்க போறேன்னு சொல்லல."

"சரி கண்ணு."

"சும்மா சொன்னேன்."

அந்த வாரம் முழுக்க அவர் எந்த லிஃப்டின் கூரைமேல் நின்றிருந்தாலும் அந்தச் சும்மாவும் கூடவே நின்றிருந்தது. அவள் கேட்க வந்தது என்ன என்பதும்.

கோளாறைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை. கேபினட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மாட்டினால் நின்றது. முன்பக்கம் முழுத் தகடு, பக்கவாட்டில் முழுக் கண்ணாடி. உள்ளே ஃபேன்கள் ஓடினாலும் இழுக்கக் காற்று இல்லை. அறையைப் பூட்டி வைத்து, மூச்சு விடு என்று சொல்வதுபோல. சரி, திறந்தே வைக்கலாமென்றால் கீழே பட்டறை. இரண்டே நாளில் கிராஃபிக்ஸ் கார்டின் இறக்கைகளில் மரத்தூள் மாவு மாதிரி அப்பிக்கொண்டது. அதைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டினார். மோட்டார் அறைகளில் தூளும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அவர்.

காற்று வர வேண்டும், தூள் வரக் கூடாது, மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள சந்தில் நிற்க வேண்டும். அப்படி ஒரு கேபினட், அடுத்த சனிக்கிழமைக்குள்.

சித்தப்பாவும் கூடவே கடைக்கு வந்தார். கடைக்காரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டே பில் போடுகிற கை. சுவர் முழுக்கக் கேபினட்டுகள், முக்கால்வாசியில் கலர் கலராக விளக்கு.

"இது பாருங்கண்ணே. ரெண்டு பக்கமும் கண்ணாடி. உள்ள இருக்கிறது அப்படியே தெரியும்."

"உள்ள இருக்கிறது எனக்குத் தெரியும்மா. காத்து எந்த வழியா வரும்?"

"கீழே ஒரு வழி இருக்கே."

டேப்பு தரையில் உட்கார்ந்து, குனிந்து, அந்த வழியைப் பார்த்தார். டேப்பை இழுத்து அளந்தார். "இது வழி இல்ல, சந்து" என்றார்.

"பொண்ணு பார்க்க வந்தவன்கூட இப்படிக் குனிஞ்சு பார்க்க மாட்டான்" என்றார் சித்தப்பா. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவர் செருப்பு வாங்கினாலும் உள்ள கையை விட்டு அளப்பாரு."

கடைக்காரம்மா சிரித்தார். வேறு ஆள் என்றால் எரிச்சல் வந்திருக்கும். இவர் கேட்டது எல்லாம் கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். டேப்பு தகட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பிசிர் இருக்கிறதா என்று பார்த்தார். நடுவில் கட்டைவிரலால் அமுக்கி நெளிகிறதா என்று பார்த்தார். திருகைக் கழற்றி மறுபடி பூட்டினார். வலையடித்த முகப்புக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்து, உள்ளே ஃபேன் ஓடும்போது அது ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்தார். பெரும்பாலானவற்றில் காகிதம் அப்படியே நின்றது. கடைசியில் மூலையில் கிடந்த ஒரு சின்னக் கறுப்புக் கேபினட்டில் டக்கென்று ஒட்டியது. மூன்று பக்கமும் வலை, வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவுகிற தூசி வடிகட்டி. விளக்கு இல்லை. கண்ணாடி இல்லை.

"அதை யாரும் வாங்க மாட்டாங்கண்ணே" என்றார் கடைக்காரம்மா.

"அதனாலதான் இவருக்குப் பிடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா.

அன்றைக்கு அவர் வாங்கவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, அட்டையை வெட்டி ஒட்டி அதே அளவில் ஒரு பெட்டி செய்து மேசைக்குக் கீழே வைத்தார். கால் இடிக்கிறதா, ஜன்னல் வெயில் மேலே விழுகிறதா, நாற்காலி நகர்கிறதா என்று இரண்டு நாள் அதோடு குடியிருந்து பார்த்தார். பின்பக்கத்தில் ஒயர் வருகிற இடத்துக்கு ஓட்டைகூட வெட்டியிருந்தார். கட்டில் காலுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. போதும்.

வாங்கப் போனபோது ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்தது. சின்னக் கேபினட் என்பதால் அவருடைய பழைய பவர் சப்ளை அதற்குள் போகாது. மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டியையும் சிறியதாக வாங்க வேண்டும். அதையும் அளந்து பார்த்து வாங்கினார். கடையில் அன்று கூட்டம். கடைக்காரம்மா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டே, "புது பவர் சப்ளைக்கு அதோட வந்த ஒயரையே போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். ஏன் என்று சொல்லவில்லை. டேப்பும் கேட்கவில்லை. ஒயர் என்றால் புதிதாக விற்கத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லையே என்பது அவருக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

"பூட்டும்போது நானும் வரட்டா?" என்றார் சித்தப்பா, வாசலில்.

"எதுக்கு? இது என்ன ஆள் ஏறுற சாமானா?"

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையில் வைத்தார். கீழே பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலைச் சாத்தியிருந்தார். மதர்போர்டு ஒரே தடவையில் உட்கார்ந்தது. கிராஃபிக்ஸ் கார்டு அட்டைப் பெட்டியில் அளந்தபடியே பொருந்தியது. பெரிய ஒயர்கள் புது பவர் சப்ளையோடு வந்தவை, அவற்றை மாட்டினார். பழைய பவர் சப்ளையில் அந்தப் பெரிய ஒயர்கள் உடம்போடு ஒட்டியே இருந்ததால் அவற்றைக் கொண்டுவர வழியும் இல்லை.

மிச்சம் அந்த இரண்டு டிஸ்க்.

லிஃப்ட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழுதான கன்ட்ரோல் பேனலை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும்போது, சுவருக்குள்ளிருந்து வருகிற ஒயர் கட்டைத் தொட மாட்டார்கள். அது கட்டியபடி, சீட்டு ஒட்டியபடி அப்படியே இருக்க வேண்டும். புதிய பேனலைக் கொண்டுவந்து அதன் சாக்கெட்டில் பழைய பிளக்கைச் செருகினால் முடிந்தது. பிரித்தால்தான் குழப்பம் வரும், பிரித்தால்தான் ஆள் சாவான். ஒரே பிளக் இரண்டு இடத்தில் பொருந்தும்படி அந்தத் தொழிலில் யாரும் செய்வதில்லை. பொருந்தக் கூடாதது பொருந்தாது. டேப்பின் கைகள் இருபது வருஷமாக இந்த ஒரு நம்பிக்கையின்மேல் வேலை செய்தவை.

டிஸ்க் இரண்டும் சட்டத்தில் இருந்தன. அவற்றுக்குப் போகும் பழைய ஒயர் மட்டும் பழைய பவர் சப்ளையிலிருந்து தனியாகக் கழன்று வருவது, அதை அவரே நூல் கொண்டு ஒழுங்காகக் கட்டியிருந்தார். இரண்டு இடத்தில் சீட்டு ஒட்டி, ஒன்றில் மகளின் செல்லப் பெயரையும் மற்றதில் 'நகல்' என்றும் எழுதியிருந்தார். அதைப் பிரிக்க மனம் வரவில்லை. சட்டத்தோடு, ஒயரோடு, முழுசாகத் தூக்கிப் புதுக் கேபினட்டில் வைத்துத் திருகினார். ஒயரின் மறுமுனையைப் புது பவர் சப்ளையிடம் கொண்டுபோனார். அதே ஆறு துளை, அதே வடிவம். க்ளிக்கென்று உட்கார்ந்தது.

உட்கார்ந்ததும் அவர் உடனே மின்சாரம் கொடுத்துவிடவில்லை. மறுபடி கழற்றினார். பழைய ஒயர் ஆயிற்றே, எங்காவது அறுந்திருக்குமோ என்று மீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியாக முனைக்கு முனை பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் பீப் என்றது. கம்பி முழுசாக இருக்கிறது என்று மீட்டர் சொன்னது. அந்தக் கம்பியில் எது வரப்போகிறது என்று அது சொல்லவில்லை. மறுபடி செருகினார்.

புது ஒயர் கடைப் பையிலேயே, பிரிக்காத கவரில் கிடந்தது.

பட்டறையில் சாப்பாட்டு நேரம், ரம்பம் நின்றது. அந்த அமைதியில் பொத்தானை அழுத்தினார். ஃபேன்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. முன்வலையில் வைத்த காகிதம் ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தில் சிரிப்பு வந்த அதே நேரம் உள்ளே ஒரு டிக் சத்தம். நகத்தால் தகரத்தைச் சுண்டியது மாதிரி, அவ்வளவுதான். உடனே இன்னொன்று. ஃபேன்கள் நின்றன.

வாசனை மெதுவாகத்தான் வந்தது. இனிப்பும் கசப்பும் கலந்த கருகல். எரிந்த மோட்டார் சுருளைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதன் சின்னத் தங்கை. டிஸ்க்குகளைத் தொட்டார். ஒரு நொடிகூட ஓடாதவை, இரண்டும் கை வைக்க முடியாமல் கொதித்தன.

அவர் டிஸ்க் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் கிளம்பியது. விண்டோஸ் மட்டும் போர்டிலேயே செருகிய தனி டிஸ்க்கில் இருந்ததால் திரையும் வந்தது. எல்லாம் ஓடியது. இதுவரை ஓடாத அளவுக்குக் குளிர்ச்சியாக, அழகாக ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை.

டிஸ்க்குகளையும் இரண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு, சித்தப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு மதியமே கடைக்குப் போனார். கடைக்காரம்மா இரண்டு டிஸ்க்குகளையும் வாங்கி மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். பிறகு புது ஒயரையும் பழைய ஒயரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முனை இரண்டும் ஒரே அச்சு. அதற்குள் வருகிற கம்பிகளின் வரிசைதான் வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய துளையில் பன்னிரண்டு.

"ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள வரிசை வேறண்ணே. வெளிய பார்க்க ஒண்ணாதான் இருக்கும்."

"சாக்கெட் ஒண்ணா இருந்தா உள்ளயும் ஒண்ணா இருக்கணும்ல?"

"இருக்கணும்" என்றார் கடைக்காரம்மா. டேப்பின் முகத்தைப் பார்க்கவில்லை. "அதோட வந்த ஒயரைப் போடுங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"உள்ள ஏதாவது முக்கியமா இருந்துச்சா? ஃபோட்டோ, ஆபீஸ் வேலை?"

"ஒரு கேம்" என்றார் டேப்பு.

கடைக்காரம்மாவுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா! கேம்தானே, திரும்ப இறக்கிக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த சித்தப்பா கடைக்காரம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். எந்த வீட்டுச் சண்டையிலும் வாயை விடுகிற மனிதர், அன்று டேப்பின் வீடு வரைக்கும் வாய் திறக்காமல் கூடவே நடந்து வந்து, படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டார்.

சாயங்காலம் ஃபோனில் செய்தி வந்தது: அப்பா திறந்துட்டீங்களா? புது பெட்டி ஃபோட்டோ அனுப்புங்க.

அவர் டைப் பண்ண ஆரம்பித்து, அழித்து, கூப்பிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. எந்த ஒயர், எந்த சாக்கெட் என்பதுவரை சொன்னார்.

"முழுசாவா?" என்றாள் மகள்.

"முழுசா."

"கோபுரம்?"

"எல்லாமே கண்ணு."

"நகல் வச்சிருக்கீங்கன்னு சொன்னீங்களே."

"அதுவும்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தார். அதற்காகவே என்னென்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தார். அவள் "பரவால்லப்பா" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

"புதுசா ஒண்ணு ஆரம்பிப்போமா? இப்பவே? இந்த பெட்டி நிக்கவே நிக்காது."

"ஆரம்பிக்கலாம்பா. பரீட்சை முடியட்டும்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை?"

"ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டிருக்காங்க. அதான் அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன். சனிக்கிழமை அவங்களும் விளையாடறாங்க, நான் போகட்டுமான்னு. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு கேக்கல."

கீழே பட்டறையில் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. காலடியில் கேபினட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"போய் விளையாடு கண்ணு" என்றார். பிறகு, யோசிக்காமல், "நான் அங்க வரட்டுமா?" என்றார்.

"இங்கயா?"

"பஸ் ஏறினா ஒரு பகல்தானே."

"வந்து என்னப்பா பண்ணுவீங்க?"

அவருக்கு அந்தச் சோபாவும் டம்ளரும் கண்ணில் வந்தன. "தெரியல. உன்னைப் பார்ப்பேன்" என்றார்.

மறுபக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"இருங்க. அம்மாகிட்ட கேக்கறேன்."

ஃபோனை எதன்மேலோ வைத்தாள். காலடிச் சத்தம் தள்ளிப் போனது. ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டது. சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. ஒன்று உயர்ந்தது, பிறகு இரண்டும் தணிந்தன. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு குரல் மட்டும் கேட்டது, யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதுவும் நின்றது. அவர் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்து, கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.